கென்யாவின் ஈக்விட்டி வங்கி: தொழில் எங்கே முடிகிறது, தொண்டு எங்கே தொடங்குகிறது?

ஆப்பிரிக்காவில் இயங்கும் ஒரு நிதி நிறுவனம் தன் வணிக வளர்ச்சியையும் சமூகப் பொறுப்பையும் உண்மையிலேயே ஒன்றாக நடத்தியிருக்கிறதா, அல்லது சமூகப் பொறுப்பு என்பது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் வரும் புகைப்படங்கள் மட்டும்தானா என்பது கேள்வி. இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொல்வதில் பயனில்லை. தென்னாப்பிரிக்காவின் பழைய காப்பீட்டு நிறுவனங்கள், நைஜீரியாவின் பெருவங்கிகள், மொரோக்கோவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பரவிய வங்கிகள் ஆகிய ஒவ்வொன்றின் வரலாறும் வெவ்வேறு. ஆகவே நான் நன்கு தொடர்ந்து வந்திருக்கும் ஒரே நிறுவனத்தை, கென்யாவின் ஈக்விட்டி குழுமத்தை எடுத்துக்கொள்கிறேன். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இந்நிறுவனம் செய்த மிகப் பெரிய சமூகப்பணி அதன் அறக்கட்டளையில் நடக்கவில்லை, குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கில் நடந்தது. அறக்கட்டளை பின்னால் வந்தது, அதுவும் பெரும்பாலும் பிறர் பணத்தில் வளர்ந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மற்ற எதுவும் சரியாகப் புரியாது.

மத்தியக் கென்யாவில், தேயிலையும் காப்பியும் விளையும் முராங்கா மலைச்சரிவுகளில் கங்கேமா என்ற சிற்றூர் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு பீட்டர் முங்கா உள்ளிட்ட சிலர் சேர்ந்து அங்கே ஈக்விட்டி வீட்டுக்கடன் சங்கத்தைத் தொடங்கினர். வீடு கட்ட நீண்டகாலக் கடன் கொடுப்பது அதன் நோக்கம். சேமிக்க வந்தவர்களோ சிறு விவசாயிகளும் சந்தை வியாபாரிகளும். அவர்களுக்குத் தேவைப்பட்டது விதைக்கும் சரக்குக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சில மாதங்களில் திருப்பிக் கட்டக்கூடிய சிறுகடன். சங்கம் கொடுத்ததோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும் அடமானக் கடன். குறுகிய கால வைப்புத்தொகையை வாங்கி நீண்டகாலக் கடனாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டாக அது ஆயிற்று. 1993இல் கென்ய மத்திய வங்கி ஆய்வு செய்தபோது கொடுத்த கடனில் 54 சதவீதம் வாராக்கடனாக இருந்தது. செலுத்தப்பட்ட மூலதனம் 30 லட்சம் ஷில்லிங், சேர்ந்திருந்த நட்டமோ 3.3 கோடி ஷில்லிங். சங்கம் நடைமுறையில் நொடித்துவிட்டது என்று மத்திய வங்கி குறித்தது. ஆயினும் உடனே இழுத்து மூடவில்லை. அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் இன்று எழுத எதுவும் இருந்திருக்காது.

அந்த ஆண்டில் வந்து சேர்ந்த ஜேம்ஸ் முவாங்கி, பின்னர் தலைமைச் செயல் அலுவலராகிக் குழுமத்தின் முகமாகவே மாறியவர், முராங்காவில் தந்தையில்லாமல் தாயின் உழைப்பில் வளர்ந்தவர். இந்தத் தகவல் ஒவ்வொரு நேர்காணலிலும் வந்துவிடுவதால் சற்றுச் சலிப்பூட்டும். ஆனாலும் அவர் செய்த மாற்றத்துக்கு அந்தப் பின்னணி பொருத்தமானதே, ஏனெனில் அடமானக் கடனைக் கைவிட்டு நிறுவனம் சிறுசேமிப்பு, சிறுகடன் பக்கம் முழுவதுமாகத் திரும்பியது அவர் வந்த பிறகுதான்.

இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். 1990களின் பிற்பகுதியில் கென்யாவில் இயங்கிய பிரித்தானியப் பெருவங்கிகள் சிற்றூர்க் கிளைகளை மூடிக்கொண்டிருந்தன. கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பை ஏற்றிக்கொண்டே போயின. சிறு வாடிக்கையாளர் நட்டம் தருபவர் என்பது அவர்களின் கணக்கு. அவர்களுடைய செலவுக் கட்டமைப்பில் அது தவறான கணக்கும் அல்ல. ஈக்விட்டி அதே வாடிக்கையாளரை வேறு விதமாகக் கணக்கிட்டது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், மாதாந்திரக் கணக்குப் பராமரிப்புக் கட்டணம் வேண்டாம், கணக்குத் தொடங்கும் தாள்களைக் குறைத்துவிடு என்று முடிவெடுத்தது. தன் கட்டணங்கள் வாடிக்கையாளருக்குப் புரியவேயில்லை என்பதைச் சந்தை ஆய்வு காட்டியபோது கட்டணப் பட்டியலையே எளிமையாக்கியது. கிளை கட்டுவதற்கு வாடிக்கையாளர் போதாத ஊர்களுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் வண்டியை அனுப்பியது. அந்த வண்டியில் கணினியும் காசாளரும் காவலரும் இருந்தனர். சந்தை நாளில் மரத்தடியில் வங்கி திறந்தது. கடனுக்கு நிலப்பட்டா இல்லாதவர்களிடம் வீட்டுப் பொருள்களையும், குழு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஏற்கும் பொறுப்பையும் பிணையாக ஏற்றுக்கொண்டது. கென்யாவில் ‘சாமா’ எனப்படும், பெரும்பாலும் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் மாதச் சீட்டு போல ஏற்கெனவே ஊர்தோறும் இருந்தன; வங்கி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை மதித்து அதன்மேல் கணக்குத் திறந்தது. வாடிக்கையாளரை ‘மெம்பர்’ என்று அழைக்கும் பழக்கம் சங்கக் காலத்திலிருந்து வந்து இன்றும் அதன் கிளைகளில் ஒலிக்கிறது.

இதைத் தொண்டு என்று சொல்லலாமா? முவாங்கியே இதை வணிகம் என்றுதான் சொல்லுவார். லட்சக்கணக்கான சிறு கணக்குகளில் தங்கும் பணத்துக்கு வங்கி கொடுக்கும் வட்டி மிகக் குறைவு. அந்த மலிவான வைப்புத்தொகைதான் அதன் இலாபத்தின் அடித்தளம். ஆனால் காய்கறி விற்கும் ஒரு பெண் தன் பணத்தைத் தலையணைக்கடியில் வைக்காமல் தன் பெயரில் ஒரு கணக்கில் வைக்க முடிந்தது என்பதும் அதே செயலின் மறுபக்கம். 2004இன் முடிவில் அது முழு வணிக வங்கியாக உரிமம் பெற்றது. 2006 ஆகஸ்டில் நைரோபி பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2007இல் ஹீலியோஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 1,100 கோடி ஷில்லிங் போட்டுக் கால்பங்கை வாங்கியது. சில ஆண்டுகளில் கென்யாவின் மொத்த வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே வங்கியில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. தொகையில் பாதி அல்ல, எண்ணிக்கையில் பாதி. இந்த இரண்டையும் குழப்பி எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

அரசும் உதவி நிறுவனங்களும் ஏழைகளிடம் பணம் கொண்டுசேர்க்க ஒரு வழியைத் தேடியபோது இந்த அகன்ற வலை இயல்பாகவே அவர்கள் கண்ணில் பட்டது. வடக்குக் கென்யாவின் துர்க்கானா, மார்சபிட், வஜிர், மண்டேரா ஆகிய வறண்ட பகுதிகளில் பிரித்தானிய உதவிப் பணத்தில் தொடங்கப்பட்ட பசிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஈக்விட்டி பணம் வழங்கும் வங்கியாயிற்று. கால்நடை மேய்ப்போர் வாழும், சாலையும் மின்சாரமும் அரிதான நிலம் அது. கைரேகையால் திறக்கும் அட்டை, ஊர்க் கடைக்காரரே முகவர் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அழகாக இருந்த இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது: கடைக்காரரிடம் கொடுப்பதற்கு ரொக்கம் இருக்க வேண்டும், அந்த ரொக்கத்தை அவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொள்ளையர் பயமுள்ள வழியில் கொண்டுவர வேண்டும். பயனாளிகள் நடந்து வந்து காசில்லாமல் திரும்பியதும் உண்டு. இரண்டாம் கட்டத்தில், வழக்கமாக உதவி பெற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்களுக்கு வெளியே இருந்த குடும்பங்களையும் பதிந்து கணக்குத் தொடங்கச் செய்தார்கள். மழை பொய்த்தால் அந்தக் கணக்குகளுக்கும் உடனே பணம் போகும். வறட்சி அறிவிக்கப்பட்ட பிறகு பட்டியல் தயாரிப்பதைவிட, பட்டியலும் கணக்கும் முன்பே இருப்பது எத்தகைய வேறுபாடு என்பதை நிவாரணப் பணியில் இருந்தவர்கள் அறிவார்கள். இதில் வங்கிக்குக் கட்டணம் கிடைத்தது, கணக்கும் கிடைத்தது.

வேளாண் கடனிலும் இதே போன்ற ஓர் ஏற்பாடு 2008இல் வந்தது. கிலிமோ பியஷாரா என்ற அத்திட்டத்தில் ஆப்பிரிக்கப் பசுமைப்புரட்சிக் கூட்டமைப்பும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும் சேர்ந்து 50 லட்சம் டாலரை இழப்பு உத்தரவாதமாக வைக்க, வங்கி அதன் பத்து மடங்கை, 5 கோடி டாலரை, சிறு விவசாயிகளுக்கும் விதை-உர வணிகர்களுக்கும் கடனாக ஒதுக்கியது. நன்கொடையாளர் பணம் நேராக உரமாகப் போவதைவிட, வங்கியின் அச்சத்தைக் குறைக்கும் கருவியாகப் போனால் அதிகத் தூரம் செல்லும் என்பது இதன் தருக்கம். அந்தத் தருக்கம் சரியானது. ஆனால் உத்தரவாதம் விலகிய பின்னும் வங்கி அதே விவசாயிக்கு அதே வட்டியில் கொடுக்குமா என்பதுதான் எந்த உத்தரவாதத் திட்டத்துக்கும் உண்மையான தேர்வு.

இப்போது அறக்கட்டளைக்கு வருகிறேன். அதன் விதை 1998இலேயே இருக்கிறது. மேல்நிலைத் தேர்வில் மாவட்டத்தில் முதலிடம் பெறும் மாணவர்களைப் பல்கலைக்கழகம் திறக்கும்வரை சம்பளத்துடன் கிளையில் வேலை பழக வைக்கும் திட்டம் அது. அவர்களில் பலர் பின்னர் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். 2010இல் மாஸ்டர்கார்டு அறக்கட்டளையுடன் சேர்ந்து தொடங்கிய ‘விங்ஸ் டு ஃப்ளை’ என்ற கல்வி உதவித்திட்டம்தான் ஈக்விட்டியின் பெயரைக் கென்யக் குடும்பங்களில் நிலைநிறுத்தியது.

இத்திட்டத்தின் அருமை புரிய அந்நாட்டின் பள்ளி அமைப்பைச் சற்று அறிய வேண்டும். 2003இல் தொடக்கக்கல்வி இலவசமாயிற்று. 2008 முதல் உயர்நிலைப் பகல்பள்ளிகளின் பயிற்றுக்கட்டணத்தை அரசு ஏற்றது. ஆனால் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் தொலைவில் உள்ள விடுதிப் பள்ளியில். விடுதிக் கட்டணம், சீருடை, மெத்தை, புத்தகங்கள், பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஆகிய எல்லாவற்றையும் குடும்பமே வாங்கித்தர வேண்டும். 2023வரை நடந்த எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாவட்டத்திலேயே சிறந்த மதிப்பெண் எடுத்துவிட்டு, அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிடும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் கென்ய நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. ஊர் கூடிப் பணம் திரட்டும் ‘ஹராம்பே’ சிலரை அனுப்பிவைக்கும், எல்லோரையும் அல்ல.

‘விங்ஸ் டு ஃப்ளை’ நான்கு ஆண்டுகளுக்கும் கட்டணம், சீருடை, புத்தகம், பயணச்செலவு, கைச்செலவு என முழுவதையும் ஏற்றது. அதைவிட முக்கியமாகத் தேர்வு முறையை நான் கருதுகிறேன். விண்ணப்பப் படிவம் வங்கிக் கிளையில் கிடைக்கும். தேர்வுக் குழு அந்தந்தக் கிளையின் பகுதியிலேயே அமையும். கல்வி அலுவலர், அரசின் ஊர்த் தலைவர், சமயத் தலைவர்கள், வங்கிக் கிளை மேலாளர் ஆகியோர் அதில் அமர்வார்கள். மதிப்பெண் மட்டுமல்லாமல் அநாதை நிலை, உடற்குறை, வீட்டின் வறுமை ஆகியனவும் பார்க்கப்படும். வீடுவரை சென்று சரிபார்ப்பதும் உண்டு. நைரோபித் தலைமையகத்தில் ஒருவர் சொல்லி ஒரு பெயரைச் சேர்ப்பது இந்த ஏற்பாட்டில் எளிதல்ல, ஏனெனில் யார் உண்மையில் ஏழை என்பது ஊருக்குத் தெரியும். விடுமுறை நாள்களில் மாணவர்கள் கிளைக்கு வந்து வழிகாட்டிகளைச் சந்திப்பார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இவ்வழியே படித்து வெளிவந்திருக்கிறார்கள். இந்த அமைப்பின் நம்பகத்தைக் கண்ட கென்ய அரசு, உலக வங்கி நிதியில் ‘எலிமு’ என்ற தன் சொந்த உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்வு நிருவாகத்தை இந்த அறக்கட்டளையிடமே ஒப்படைத்தது.

இங்கே ஐயம் கொள்பவரின் கேள்வி நியாயமாகவே எழும். மாஸ்டர்கார்டு அறக்கட்டளை, அமெரிக்க, பிரித்தானிய, ஜெர்மானிய அரசு உதவி அமைப்புகள் ஆகியன பெருந்தொகை கொடுத்திருக்கின்றன. மேடையிலும் பதாகையிலும் வங்கியின் பெயர்தான் முன்னிற்கிறது. புதிய மாணவர்களை வழியனுப்பும் விழாவில் நாட்டின் தலைவர்களே கலந்துகொள்வது உண்டு. இது விளம்பரமில்லாமல் வேறென்ன? விளம்பரம்தான், மறுக்கத் தேவையில்லை. ஆனால் வங்கி கொடுப்பது வேறொன்று: கிளைகள், பணியாளரின் நேரம், பணத்தைப் பள்ளிக் கணக்குக்கு நேராக அனுப்பும் அமைப்பு. ஓர் உதவி நிறுவனம் இதையெல்லாம் தானே அமைத்தால் நிதியில் கணிசமான பகுதி அலுவலகச் செலவிலேயே கரைந்துவிடும். ஆகவே ‘ஈக்விட்டி இத்தனை பேரைப் படிக்கவைத்தது’ என்ற வாக்கியத்தை, ‘பிறர் பணத்தை ஈக்விட்டி குறைந்த கசிவுடன் கொண்டுசேர்த்தது’ என்று வாசிப்பதே நேர்மை. இரண்டாவது வாக்கியத்தின் மதிப்பு முதலாவதைவிடக் குறைந்தது என்று நான் கருதவில்லை. உதவிப் பணம் நடுவில் காணாமற்போகும் இடங்களைப் பார்த்தவர்கள் அதை இன்னும் உயர்த்தியே மதிப்பார்கள்.

ஒரு சிறு குறிப்பு: இத்திட்டங்களில் படித்து மருத்துவரானவர்கள் நடத்தும் ‘ஈக்விட்டி ஆஃப்யா’ என்ற மருத்துவ நிலையங்கள் இன்று கென்ய நகரங்களில் இருக்கின்றன. மருத்துவரே உரிமையாளர், பெயரும் தரக்கட்டுப்பாடும் குழுமத்துடையவை, நிலையம் தொடங்க வங்கிக் கடன். உதவித்தொகை பெற்ற பிள்ளை பதினைந்து ஆண்டுகளில் கடன் வாங்கும் தொழில்முனைவோராகத் திரும்பி வருகிறார். இதைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் அல்லன்.

நலமும் இலாபமும் மோதிய இடம் வேறு. கென்யாவில் வங்கிக் கடன் வட்டி சராசரியாக 18 சதவீதத்தைத் தொட்டு நின்ற நிலையில், மக்களின் கோபம் நாடாளுமன்றத்தை எட்டி, 2016 செப்டம்பரில் வட்டி உச்சவரம்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்குமேல் 4 சதவீதப் புள்ளிகளுக்கு மிகாமல் மட்டுமே வாங்கலாம் என்றது சட்டம். ஏழைகளின் வங்கி என்று அறியப்பட்ட ஈக்விட்டி என்ன செய்தது? மற்ற வங்கிகள் செய்ததையே செய்தது. அந்த வட்டிக்குச் சிறு கடன்காரரின் இடரை ஏற்பது கட்டுபடியாகாது என்று கடனை ஒடுக்கி, அரசின் கருவூலப் பத்திரங்களில் பணத்தைக் குவித்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அதன் கடன் தொகுப்பு பெரிதாக வளரவில்லை. சட்டம் 2019 நவம்பரில் நீக்கப்பட்டது. சிறு வணிகர்கள் அந்த மூன்றாண்டுகளில் கைப்பேசிச் செயலி வழியே கடுவட்டிக்குக் கொடுப்போரிடம் போனார்கள். சட்டத்தின் பிழை இதில் பெரிது என்பது என் கணிப்பு. ஆயினும் கட்டுபடியாகும்வரை மட்டுமே ஒரு வங்கி ஏழையுடன் நிற்கும் என்பது அப்போது ஐயமறத் தெரிந்தது. எந்த அறக்கட்டளையும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை, நிரப்பவும் முடியாது.

கைப்பேசிப் பணத்தில் நடந்த போட்டியை விரைவாகக் கடந்துவிடலாம். 2007இல் சஃபாரிகாமின் கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசா வந்ததும் ஏழை வாடிக்கையாளருக்கான கதவு வங்கியின் கையிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2010இல் இருவரும் சேர்ந்து தொடங்கிய எம்-கேஷோ என்ற சேமிப்புக் கணக்கு நிலைக்கவில்லை. 2012இல் சஃபாரிகாம் வேறொரு வங்கியுடன் எம்-ஷ்வாரி என்ற கைப்பேசிச் சேமிப்பு, கடன் சேவையைத் தொடங்கியது. ஈக்விட்டி தானே கைப்பேசி இணைப்பு உரிமம் பெற்று, ஏர்டெல் வலையில் இயங்கும் ‘ஈக்விடெல்’ மெல்லிய சிம்மைக் கொண்டுவந்தது. இருக்கும் சிம்மின்மேல் ஒட்டும் படலம் போன்றது அது. பாதுகாப்பில்லை என்று சஃபாரிகாம் எதிர்க்க, 2014இல் ஒழுங்குமுறை ஆணையம் சோதனை முறையில் அனுமதித்தது. வாடிக்கையாளருக்குக் கட்டணம் குறைந்ததற்கு அந்தச் சண்டை ஒரு காரணம். போட்டியும் சில வேளைகளில் சமூகப்பணி செய்துவிடுகிறது.

கொரோனா காலத்தில் 2020 மே மாதம், ஏற்கெனவே அறிவித்திருந்த 950 கோடி ஷில்லிங் ஈவுத்தொகையைக் குழுமம் திரும்பப் பெற்றுக்கொண்டது. பணத்தைக் கையில் வைத்துக் கடன்காரர்களின் தவணைகளைத் தள்ளிவைக்கவே இது என்றது. பங்குதாரர்கள் முணுமுணுத்தார்கள். என் பார்வையில், எந்த உதவித்தொகை விழாவையும்விட அந்த முடிவே அதன் பொறுப்புணர்வுக்கு வலுவான சான்று, ஏனெனில் அந்தச் செலவை ஏற்றவர்கள் வெளியிலிருந்து கொடுப்பவர்கள் அல்லர், உரிமையாளர்களே.

இறுதியாக, இந்த முறை கென்யாவுக்கு வெளியே செல்லுமா என்ற கேள்வி. 2008இல் உகாண்டாவில் ஒரு நுண்கடன் நிறுவனத்தை வாங்கியதில் தொடங்கி, 2009இல் தெற்குச் சூடான், 2011இல் ருவாண்டா, 2012இல் தான்சானியா என்று குழுமம் விரிந்தது. தெற்குச் சூடானில் 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2015 இறுதியில் நாணயம் சரிந்தது. அங்கிருந்த முதலீட்டின் மதிப்பும் அத்துடன் சரிந்தது, கிளைகள் மூடப்பட்டன. சாம்பியா, மொசாம்பிக் உள்ளிட்ட நான்கு நாடுகளில் வங்கிகளை வாங்கும் பேச்சு 2020இல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டின் இடரைப் பார்க்கும்போது அது நல்லதற்கே.

விரிவாக்கத்தின் மையம் காங்கோ ஜனநாயகக் குடியரசு. 2015இல் அங்கே ஒரு சிறு வங்கியை வாங்கிய ஈக்விட்டி, 2020இல் ஃபோரஸ்ட் குடும்பத்திடமிருந்து 9.5 கோடி டாலருக்கு பிசிடிசி வங்கியின் மூன்றில் இரண்டு பங்கை வாங்கி இரண்டையும் இணைத்தது. 1909இல் பெல்ஜியக் குடியேற்ற ஆட்சியின் சுரங்கத் தொழிலுக்குப் பணம் கொண்டுபோகப் பிறந்த வங்கி அது. கங்கேமாவின் தேயிலை விவசாயிகளிடமிருந்து பிறந்த வங்கி ஒன்று அதை வாங்கியதில் ஒரு வரலாற்றுச் சுவை இருக்கிறது. அதே ஆண்டின் முடிவில் குழுமத்தின் மொத்தச் சொத்து ஒரு லட்சம் கோடி ஷில்லிங்கைத் தாண்டியது. இன்று குழுமத்தின் இலாபத்தில் சுமார் பாதி கென்யாவுக்கு வெளியிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு காங்கோவினுடையது.

ஆனால் காங்கோவில் வைப்புத்தொகையில் மிகப் பெரும் பகுதி டாலரில் இருக்கிறது. வாடிக்கையாளரில் கனமானவர்கள் சுரங்க நிறுவனங்களும் அவற்றுக்குச் சரக்கு வழங்குவோரும். சந்தை நாளில் மரத்தடியில் திறந்த வண்டியின் வழியாக வரும் வளர்ச்சி அல்ல அது. குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்கு கின்ஷாசாவின் தெருவோர வியாபாரிக்கு எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அங்கே இந்நிறுவனத்தை அளக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை, மரம் நட்ட கணக்கு ஆகியவற்றை வைத்து அல்ல. 2022இல் குழுமம் அறிவித்த ஆப்பிரிக்க மீட்புத் திட்டம் 50 லட்சம் தொழில்களுக்குக் கடன் என்கிறது. இலக்கை இலக்காகவே எடுத்துக்கொள்வோம். 2025 சனவரியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரம் எம்23 என்ற கிளர்ச்சிப் படையினர் வசமானபோது அங்கிருந்த வங்கிக் கிளைகள் எல்லாம் மூடப்பட்டன. கணக்கில் பணம் இருந்தும் கையில் ரொக்கம் இல்லாமல், மக்கள் கைப்பேசிப் பணத்தைக் கூடுதல் தரகு கொடுத்து மாற்றிக்கொண்டும் எல்லை தாண்டி ருவாண்டாவின் கிசெனியில் வரிசையில் நின்றும் நாள்களைக் கடத்தினார்கள்.